ரோஸ் படகில் அறுபத்தொரு சதவீதம்

"அடுத்தவன் படகைத் திருடிட்டுப் போனவன், பேட்டரியை ஏத்திக் கொண்டுவந்து கட்டிட்டுப் போவானா அக்கா? என் காரைத் திருடறவன் டேங்கை நிரப்பித் தருவான்னா, சாவியை இன்னிக்கே வாசல்ல மாட்டி வெச்சிடறேன்" என்றான் கைராத்.

 ஐம்பது வயதில் முழங்கால் எவ்வளவு மடங்குமோ அவ்வளவு மடக்கி, ரவ்ஷான் படகின் பின்புறம் குந்தி உட்கார்ந்திருந்தாள். மின்மோட்டாருக்குப் பக்கத்தில், ஊறுகாய் பாட்டில் மூடி அளவில் ஒரு வட்டத் திரை. அதில் 61 என்று பச்சையாக எரிந்தது.

பல்காஷ் ஏரியின் கரையெங்கும் சல்லடை போட்டாலும் இப்படி இன்னொரு படகு கிடைக்காது. மழலையர் பள்ளிச் சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை வாங்கிப் பூசியதால், பளீரென்ற ரோஸ் நிறம். இப்போது அதன் மூக்கில் சங்கிலி, சங்கிலியில் ஈய முத்திரை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மீன்வளக் குழு கூடி ஒரு கையெழுத்துப் போட்டால், படகு பறிமுதல்.

"அது போச்சுன்னா நான் ஆடு மேய்க்கத்தான் போகணும். ஆட்டுக்கும் எனக்கும் ஆகாது" என்றான் படகுக்காரன் தொக்தார். நாற்பது வயது. தூண்டில் போட்டுப் பிழைப்பவன். பல்காஷ் நகரத்தில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் ரவ்ஷானுக்குக் காலையில் போன் போட்டு அழுதது அவனுடைய தங்கை. ரவ்ஷானும், அவளுக்கு உதவியாளனும் டிரைவரும் வாயாடியுமான கைராத்தும் புழுதி பறக்க இந்தக் கரஷகில் கிராமத்துக்கு வந்து இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லு" என்றாள் ரவ்ஷான்.

"நேத்து சாயங்காலம் காத்து எழும்புச்சு. படகைக் கட்டிட்டேன். நாப்பது சதவீதம் இருந்துச்சு. டீக்கடையில எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"எல்லார்கிட்டயும் எதுக்குச் சொன்னே?"

"தினமும் சொல்வேன்."

"மத்தவங்க ஊர்ல வானிலை சொல்வாங்க. இங்க இவரு பேட்டரி சொல்றாரு போல" என்றான் கைராத்.

தொக்தாருக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன தம்பி! ஒரு தடவை நடு ஏரியில பேட்டரி தீர்ந்துபோய், காத்து இழுத்த பக்கமெல்லாம் விடிய விடிய மிதந்தவன் நான். தேடி வந்தவங்க கண்டுபிடிக்கலேன்னா பொணம். அதுக்கப்புறம்தான் இந்த மீட்டரை வாங்கி மாட்டினேன். எம் பொண்டாட்டி முகத்தைக்கூட இவ்வளவு தடவை பாத்திருக்க மாட்டேன்."

"அப்புறம்?"

"அந்தக் காத்துல கம்பம் சாஞ்சு ஊர் பூரா கரண்ட் போச்சு. தங்கச்சி வீட்டுக் கூரைத் தகரமும் பறந்துச்சு. நான் அங்க ஆணி அடிச்சிட்டு அங்கயே தூங்கிட்டேன். காலையில வந்தா, படகைச் சுத்தி போலீஸ் மாதிரி நிக்கறாங்க."

"போலீஸ் மாதிரி இல்லை. மீன்வள இன்ஸ்பெக்டர்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

இன்ஸ்பெக்டர் அமன்கெல்தி. இஸ்திரி போட்ட சட்டை. சவரம் செய்த முகத்தில் இரண்டாவது முறையும் சவரம் செய்திருப்பார் போலிருந்தது.

"கெண்டை முட்டையிடற காலம். நாணல் காட்டுக்குள்ள ஒரு துடுப்புகூட நுழையக் கூடாது. விடியறதுக்கு முன்னால ரோந்து போனேன். உள்ளே வலை விரிச்சிருந்தான் ஒருத்தன். சத்தம் போட்டேன். வலையை அங்கயே விட்டுட்டு ஓடினான். துரத்தினேன், என் மோட்டார் விசிறியில நாணல் சுத்தி உடைஞ்சுபோச்சு. ஐஸ் கொட்டகை சக்தகன் கரையிலேர்ந்து பாத்திருக்கான். நாணலுக்குள்ளேர்ந்து சத்தமே இல்லாம வந்தது ரோஸ் படகு. ரோஸ்! வேற யாருது?"

"ஆளைப் பார்த்தானா?"

"தொப்பியை இழுத்து விட்டிருந்தானாம். படகு போதும் எனக்கு. இந்த ஆள் நாப்பது சதவீதம்னு சொன்னது பொய். முழுசா ஏத்தி வெச்சு, போய்ட்டு வந்து, மிச்சம் அறுபத்தொண்ணு. கணக்கு சரியா இருக்கில்ல?"

"ராத்திரி பூரா சும்மா கெடந்ததுல தானா ஏறியிருக்குமோ? நான்கூடத் தூங்கி எழுந்தா தெம்பா இருப்பேன்" என்றான் கைராத்.

"பழைய முள் மீட்டர்ல அப்படிக் காட்டும்டா. கொஞ்ச நேரம் சும்மா விட்டா முள் மேல ஏறி ஏமாத்தும். இது வேற ஜாதி. பேட்டரியிலேர்ந்து போற கரண்ட், வர்ற கரண்ட் ரெண்டையும் எண்ணிக்கிட்டே இருக்கும். வெளியிலேர்ந்து யாராவது ஏத்தினாத்தான் நம்பர் ஏறும்."

சொல்லிக்கொண்டே ரவ்ஷான் திரைக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்தினாள். 61 மறைந்தது. 9 வந்தது.

தொக்தார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "ஒன்பதா? எம் பேட்டரியிலயா?"

"இது என்ன நம்பர்?" என்றார் அமன்கெல்தி.

"கடைசியா முழு சார்ஜ் ஏத்தினதுக்கப்புறம் எவ்வளவு கீழே இறங்குச்சுன்னு ஞாபகம் வெச்சுக்கிற நம்பர். முழுசா இருந்து அறுபத்தொண்ணுக்கு இறங்கியிருந்தா, இங்கயும் அறுபத்தொண்ணுதானே இருக்கணும் சார்? இது ஒன்பது வரைக்கும் இறங்கி, அப்புறம் ஏறியிருக்கு. ஊர்ல கரண்ட் இல்லை. எங்கே ஏத்தினான்?"

இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு தோளைக் குலுக்கினார். "ஜெனரேட்டர் வெச்சிருக்கறவங்க யாரையாவது பிடிச்சிருப்பான். மதியம் குழு முன்னாடி சொல்லுங்க." விறைப்பாகத் திரும்பி நடந்தார்.

"ஊர்ல ஜெனரேட்டர் யார் யார்கிட்ட இருக்கு தொக்தார்?"

"ரெண்டே பேரு. ஐஸ் கொட்டகையில சக்தகன். அப்புறம்..." தொக்தார் இன்ஸ்பெக்டரின் முதுகைப் பார்த்தான். "அவரு வீடு. வீட்டுக்குப் பின்னாலயே ரோந்து அலுவலகம். ரோந்துப் படகு கட்டற துறையும் அங்கயே."

கைராத் விசிலடித்தான். "சக்தகன்தான் அக்கா! சாட்சி சொன்னவனும் அவனே, ஜெனரேட்டர்காரனும் அவனே. படகு ஏலத்துக்கு வந்தா எடுக்கப்போறதும் அவனாத்தான் இருக்கும்."

"ஏற்கெனவே விலை கேட்டுட்டான்" என்றான் தொக்தார் கசப்பாக.

ரவ்ஷான் எழுந்து முழங்காலைத் தேய்த்தாள். "பசிக்குது. டீக்கடைக்குப் போலாம்."

* * *

டீக்கடையில் ரவ்ஷான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சுடச்சுடப் பொரித்த பவுர்சாக் மாவு உருண்டைகளை இரண்டு கிண்ணம் நிறைய வாங்கினாள். கிண்ணங்களும் கடைக்காரியுடையவைதான். ஒன்று நீலப் பூ. ஒன்று சிவப்புப் பூ.

"நீலம் சக்தகன் வீட்டுக்கு. சிவப்பு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு. நகரத்திலேர்ந்து வந்த ரவ்ஷான் அக்கா அன்போட கொடுத்தாங்கன்னு சொல்லு. கிண்ணத்தை வாங்காம வராதே."

"குற்றவாளியைப் பிடிக்கச் சொன்னா, பலகாரம் விநியோகம் பண்றோம்."

"ஒரு உருண்டை குறைஞ்சாலும் எனக்குத் தெரியும்."

"எண்ணியா வெச்சிருக்கீங்க?"

"உன் வாயில எண்ணெய் மின்னும்டா. போ."

கைராத் போனான். ரவ்ஷான் பால் டீயை ஊதி ஊதிக் குடித்தாள். தொக்தார் எதிரே உட்கார்ந்து, எதையும் குடிக்காமல், கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல்கள் மேஜையில் தாளம் போட்டன.

"அக்கா, குழு கூடற நேரமாச்சு."

"இன்னும் சாப்பிட்டே முடிச்சிருக்க மாட்டாங்க. உக்காரு."

கதவு திறந்தது. கைராத். இரண்டு கைகளிலும் கிண்ணங்கள்.

நீலப்பூக் கிண்ணத்தை மேஜையில் வைத்தான். காலி. அடியில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே ஒட்டியிருந்தது. "சக்தகன் வீட்டம்மா என் கண் முன்னாலயே கொட்டிக்கிட்டு, கழுவாம நீட்டினாங்க. இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா பூவையும் சுரண்டி எடுத்திருப்பாங்க."

சிவப்புப்பூக் கிண்ணத்தின் மேல் சுத்தமான துணி மூடியிருந்தது. கைராத் துணியை எடுத்தான்.

உள்ளே பொன்னிறமாகப் பொரித்த மீன் துண்டுகள். கொழுத்த கெண்டை. மேலே, உதிரி உதிரியாகப் பொரிந்த சினை.

தொக்தார் எழுந்தே விட்டான். "கெண்டை! சினையோட! ஆழ்தண்ணியில தூண்டில்ல இப்பக் கெண்டை வராது. அது பூராவும் நாணலுக்குள்ள இருக்கு. ஐஸ் கொட்டகை மீனுக்கும் தடை போட்ட அன்னிக்கே சீல் வெச்சாச்சு."

"வெச்சது யாரு?"

"அமன்கெல்தி."

"வீட்டம்மா கொடுத்தாங்க அக்கா" என்றான் கைராத். அவன் குரலில் கிண்டல் குறைந்திருந்தது. "பிபிகுல்னு பேரு. நல்ல மனுஷி. கிண்ணத்தை வாங்கினவங்க, 'இரு தம்பி, வெறுங்கிண்ணத்தோட அனுப்பக் கூடாது'ன்னு உள்ள ஓடிப்போய் அடுப்பிலேர்ந்து எடுத்துப் போட்டாங்க."

"பக்கத்து வீட்டுக் கிண்ணம் வந்தா உங்கம்மா என்னடா செய்வாங்க?"

"சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பாங்க. சும்மா கொண்டு போனா என் முதுகுத் தோல்..." கைராத் நிறுத்தினான். வாய் திறந்தபடியே நின்றது. "அக்கா! நாப்பது இருந்த படகு அறுபத்தொண்ணோட வந்துச்சே!"

"அதைத்தான் காலையிலேர்ந்து யோசிக்கறேன். திருடன் ஏன் சார்ஜ் ஏத்தணும்? தடயத்தை மறைக்கன்னா, இருந்த நாப்பதோட நிறுத்தியிருப்பான். கூடுதலா வெச்சுத் திருப்பிக் கொடுத்திருக்காங்க. அது திருடறவன் கை இல்லடா. இரவல் வாங்கற கை. அந்தக் கை சக்தகன் வீட்ல இல்லைன்னு நீலக் கிண்ணம் சொல்லிருச்சு."

"அப்ப நேர்மைத் திலகம் அமன்கெல்தி, தானே மீன் பிடிச்சிட்டு என் தலையில..." தொக்தார் வாசலை நோக்கிப் பாய்ந்தான். ரவ்ஷான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"முன் வாசல் வேண்டாம். சமையலறை வழியா வா. வாயைத் திறக்காம வா."

* * *

இன்ஸ்பெக்டர் வீட்டுச் சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. பிபிகுல் தட்டில் கடைசித் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம். வட்டார அலுவலகத்து ஆட்கள் மூன்று பேர். அவர்கள்தான் குழு.

ரவ்ஷான் சிவப்புப்பூக் கிண்ணத்தை மேஜை மேல் வைத்தாள்.

"மீன் நல்லா இருந்துச்சு தங்கச்சி."

பிபிகுல் சிரித்தாள். பிறகு ரவ்ஷானுக்குப் பின்னால் நின்ற தொக்தாரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"என் வீட்டுக்காரருக்குத் தெரியாது" என்றாள் உடனே. "சத்தியமா தெரியாது. காலையில ரோடு திறந்ததும் நகரத்திலேர்ந்து என் தம்பி வாங்கிட்டு வந்தான்னு சொல்லியிருக்கேன்."

"தம்பியா?"

"மர்லென். நேத்து சாயங்காலம் திடுதிப்புனு இவங்க வந்து இறங்கினாங்க. காத்துல ராத்திரி பூரா ரோடு மூடிடுச்சு. வீட்ல மாவும் டீயும் தவிர ஒண்ணும் கிடையாது. வந்தவங்களுக்கு என்னத்தை வெப்பேன்? ஏரிக்கரையில இருந்துக்கிட்டு வெறும் ரொட்டியா? மர்லென்கிட்ட நான்தான் சொன்னேன். அவன் படகு பெட்ரோல் படகு, சத்தம் போடும். அதனால..."

"என் படகு" என்றான் தொக்தார்.

"கேட்டா நீங்க குடுத்திருக்க மாட்டீங்க அண்ணே. கெடச்ச மீனோட அவன் திரும்பி வந்தப்ப பேட்டரி ஒன்பதுல நின்னுச்சு. நீங்க அந்த பேட்டரியை எப்படிப் பாத்துப்பீங்கன்னு ஊருக்கே தெரியும். அப்படியே கொண்டு கட்டினா உங்களுக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும். இவரு ரோந்திலேர்ந்து திரும்பறதுக்குள்ள ஜெனரேட்டர்ல அலுவலகச் சார்ஜரை மாட்டி, முடிஞ்சவரைக்கும் ஏத்தினோம். நூறு ஆக்கத்தான் நெனச்சேன். விடிஞ்சிருச்சு."

  திட்டுவதா, நன்றி சொல்வதா என்ற குழப்பம் தொக்தார் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அவரு துரத்தினது உங்க தம்பியைன்னு தெரிஞ்சதும் ஏன் சொல்லல?" என்றாள் ரவ்ஷான்.

"அபராதத்தோட விட்ருவாங்கன்னு நெனச்சேன். அபராதத்தை நானே யாருக்கும் தெரியாம..."

"அபராதம் இல்லை தங்கச்சி. படகையே எடுத்துக்கப் போறாங்க. சாப்பாடு முடிஞ்சதும்."

 உள்ளே யாரோ டீ கேட்டார்கள்.

"என் வீட்டுக்காரர் மானம் போகும்" என்றாள் மெல்ல. "இருபது வருஷமா ஒரு மீன் கை நீட்டி வாங்காதவரு."

"தெரியும். அதனாலதான் முன் வாசல் வழியா வரல. நான் சொன்னா அது துப்பு. நீங்க சொன்னா வேற."

பிபிகுல் ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். தலைத்துணியை இழுத்துக் கட்டினாள். டீக் கெண்டியை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். ரவ்ஷான் தொடர்ந்தாள்.

நடு நாற்காலியில் குழுத் தலைவர் செரிக்பாய். மீசையில் சினை ஒட்டியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் அமன்கெல்தி, தட்டைத் தொடாமல், பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சாப்பிடறது நகரத்து மீன் இல்லை" என்றாள் பிபிகுல். "நாணல் காட்டுக் கெண்டை. விடியக்காலையில என் தம்பி பிடிச்சது. அனுப்பினது நான். தொக்தார் அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. அவர் படகைக் கேக்காம எடுத்தோம்."

மெல்லும் சத்தம் நின்றது. செரிக்பாய் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். கீழே வைக்கவும் முடியவில்லை, வாயில் போடவும் முடியவில்லை.

"இது எனக்கு மூணாவது துண்டு" என்றார் கவலையாக.

"சாட்சியத்தை அழிக்கறது தனி கேஸ் சார்" என்றான் வாசற்படியிலிருந்து கைராத்.

அமன்கெல்தி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் துரத்தினது மர்லெனையா?"

அடுத்த அறைத் திரைச்சீலை அசைந்தது. முப்பத்தைந்து வயது மர்லென் தலையைத் தொங்கப் போட்டபடி வந்தான். "அந்தத் திட்டு திட்டினீங்களே மச்சான். நாணல் மட்டும் சிக்கலேன்னா என்னைப் பிடிச்சே இருப்பீங்க."

 அமன்கெல்தி எழுந்தார். தொக்தார் பேரெழுதி வைத்திருந்த தாளை எடுத்து, நான்காகக் கிழித்து, மீன் முள் கிடந்த தட்டில் போட்டார்.

"சட்டம் என் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வெளியவே நிக்காது. மர்லென் மேல கேஸ் உண்டு. அனுப்பினவ மேலயும் உண்டு. நான் எழுதக் கூடாது, சொந்தம். செரிக்பாய் சார், நீங்க எழுதுங்க."

"நானா? நான் எப்படி எழுதறது? மூணு துண்டு!" செரிக்பாய் தன் இரண்டு சகாக்களையும் பார்த்தார். அவர்கள் அவசரமாகத் தட்டுகளைத் தள்ளி வைத்தார்கள். "பக்கத்து வட்டாரத்திலேர்ந்து ஆள் வரட்டும். வெறும் வயித்தோட வரட்டும்."

பிபிகுல் அசையாமல் நின்றாள். அமன்கெல்தி அவள் கையிலிருந்த கெண்டியை வாங்கி, அவள் விரல் சுடாதபடி பார்த்து, மேஜை மேல் வைத்தார்.  கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

* * *

படகுத் துறையில் பாதி ஊர் கூடியிருந்தது. சக்தகன் முன்வரிசையில் நின்று, படகை அளவெடுப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விலை கேக்க வந்தீங்களா அண்ணே?" என்றான் கைராத். "படகு இல்லை. வேணும்னா கிண்ணம் ஒண்ணு கழுவக் கெடக்கு."

அமன்கெல்தி குனிந்து முத்திரையை வெட்டினார். சங்கிலி தண்ணீரில் விழுந்தது.

"தொக்தார். காலையில உன்னைப் பொய்யன்னு சொன்னேன்."

"பத்துப் பேர் முன்னாடி சொன்னீங்க."

"இப்ப அதைவிடக் கூட்டம். அவங்க முன்னாடியே சொல்றேன். பொய் உன்கிட்ட இல்லை. தப்பு என் வீட்ல."

 தொக்தார் படகில் ஏறி, பேட்டரிப் பெட்டியைத் திறந்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். நோயாளியின் நெற்றியைத் தொடுவது போல இருந்தது அது. பிறகுதான் அவன் தோள்கள் இறங்கின.

இன்ஸ்பெக்டர் தயங்கி நின்றார். இஸ்திரிச் சட்டைக்காரருக்குத் தயங்கிப் பழக்கமில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

"இன்னொரு விஷயம். அந்த வலை இன்னும் நாணலுக்குள்ளதான் கெடக்கு. முட்டையிட வர்ற மீன் எல்லாம் அதுல மாட்டிச் சாகும். என் படகு விசிறி உடைஞ்சுபோச்சு. நாணலுக்குள்ள சத்தமில்லாமப் போகக்கூடியது..."

"என் படகுதான்."

"அனுமதி எழுதித் தர்றேன். நானும் வர்றேன். கூட்டிட்டுப் போவியா?"

 தொக்தார் வானத்தைப் பார்த்தான். ஊர்ப்பக்கம் இன்னும் சாய்ந்தே கிடந்த மின்கம்பத்தைப் பார்த்தான். ரவ்ஷானைப் பார்த்தான். அவள் கைராத்திடமிருந்து ஒரு பவுர்சாக்கை வாங்கி மென்றுகொண்டிருந்தாள். அது அவனிடம் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை.

"ஏறுங்க" என்றான் தொக்தார். "ஆனா மோட்டார் போட மாட்டேன். கரண்ட் எப்ப வரும்னு எவனுக்கும் தெரியல. இருக்கறதைப் பிடிச்சு வெச்சாத்தான் நாளைக்கு என் தூண்டில் தண்ணியைப் பாக்கும்."

"அப்ப எப்படிப் போறது?"

தொக்தார் பலகைக்கு அடியிலிருந்து இரண்டு துடுப்புகளை உருவி நீட்டினான்.

அமன்கெல்தி துடுப்புகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிப் படகில் வைத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். முதல் இழுப்பிலேயே படகு வளைந்து கரையை முட்டப் பார்த்தது. அவர் எதிரே, தொக்தார் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டான்.

"இடது கையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடுங்க சார். சட்டம் நேராப் போகணுமில்ல?"